நம்மை எண்ணுகிற ஏடு நமக்கு வேண்டாமா?



சென்ற மாதம் நம் சங்கக் கமிட்டியில் ஒரு யோசனை வந்தது. வாசகசாலைக்கு வருகிற ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யின் சந்தாவை நிறுத்திவிடலாமாம். புரொபசர் எழுதி புரொபசர் படிக்கிற இங்கிலீஷ் ஏடு, சித்தாளுக்கும் மூட்டை சுமக்கிறவருக்கும் எதற்கு என்று கேட்டார்கள். கை தூக்கியவர்கள் பலர். நான் தூக்கவில்லை.

பத்தாவதோடு படிப்பை முடித்தவன் நான். அந்த ஏட்டில் ஒரு பக்கத்தைத் தாண்ட எனக்கு அகராதியும் அரை மணி நேரமும் வேண்டும். ஆனாலும் கேட்கிறேன்: அதில் எழுதியிருப்பது யாரைப் பற்றி? 1949-ல் பம்பாயில் சச்சின் சௌத்ரி ‘எகனாமிக் வீக்லி’ என்று தொடங்கி, 1966-ல் இன்றைய பெயருக்கு மாறிய ஏடு அது. 1971 ஜனவரியில் தாண்டேகர், ரத் என்ற இருவர் அதில் இந்திய வறுமையைக் கணக்குப் போட்டார்கள். 1960-61 விலைவாசியில் ஓர் ஆள் போதிய சாப்பாட்டோடு வாழ கிராமத்தில் மாதம் 15 ரூபாய், நகரத்தில் 22 ரூபாய் 50 காசு. நகரத்து ஜனங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. ஊரை விட்டு செகந்திராபாத்தில் வந்து இறங்கிய நம் பாட்டன்மார் எந்தப் பாதியில் இருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?

கணக்கு என்றால் சிலருக்கு ஏளனம். நான் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவன். 2017 ஜனவரியில் வந்த மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, முன்பதிவில்லாத ரயில் பயணக் கணக்கை வைத்து, 2011 முதல் 2016 வரை ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் பேர் பிழைப்புக்காக மாநிலம் தாண்டினார்கள் என்று மதிப்பிட்டது. என் போன்ற கிளார்க்குகள் கொடுத்த டிக்கெட்தான் அங்கே புள்ளிவிவரம்! இப்படிப்பட்ட எண்கள் சரியா, தப்பா என்று புரொபசர்கள் மல்லுக்கட்டுகிற களம்தான் இந்த வீக்லி.

எண்ணப்படாதவன் கதி என்ன? 2020 மே 1 அதிகாலை, ஊரடங்கில் சிக்கிய சுமார் 1,200 தொழிலாளிகளுடன் ஜார்க்கண்டின் ஹட்டியாவுக்கு நாட்டின் முதல் சிறப்பு ரயில் கிளம்பியது நம் லிங்கம்பல்லியிலிருந்துதான். அதற்கு முன்னும் பின்னும் நடந்தே போனவர்கள் எத்தனையோ பேர். வழியில் செத்தவர்கள் எத்தனை, நஷ்டஈடு கொடுத்தீர்களா என்று அந்தச் செப்டம்பரில் பார்லிமெண்டில் கேட்டார்கள். அப்படிப்பட்ட கணக்கு இல்லை, ஆகவே அந்தக் கேள்வியே எழவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். கணக்கு இல்லையென்றால் பிணமும் இல்லை, பணமும் இல்லை!

அந்த ஏட்டைக் கும்பிடச் சொல்லவில்லை. 2017-ல் அதானி குழுமம் பற்றிய கட்டுரைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்ததும், ஏட்டை நடத்துகிற சமீக்ஷா டிரஸ்ட் கட்டுரையை எடுக்கச் சொன்னது. ஆசிரியர் பரஞ்சோய் குஹா தாகுர்தா ராஜினாமா செய்தார். எனக்கு அது கசந்தது. ஆனால் ஒன்று பாருங்கள். எதற்கும் உதவாத காகிதம் என்றால் அவ்வளவு பெரிய கம்பெனி நோட்டீஸ் விடுமா? அதன் பலம் முதலாளிக்குத் தெரிகிறது, நம் கமிட்டிக்குத் தெரியவில்லை.

புரொபசர்களையும் விடப்போவதில்லை. ஐயா, எங்கள் கூலியையும் குடிசையையும் பற்றி எழுதுகிறீர்கள். அச்சானதும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கமாவது எங்களுக்குக் கொடுத்ததுண்டா? என் மனைவி பதில் சொல்லிச் சலித்துப்போன சர்வே மூன்று. ஒன்றின் முடிவும் எங்கள் வாசலுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே சந்தா தொடர வேண்டும். கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் மாதம் ஒரு கட்டுரையைத் தமிழில் சொல்லட்டும், நாம் உட்கார்ந்து கேட்போம், மறுத்துப் பேசுவோம். என் பங்குப் பணத்தைப் பொருளாளரிடம் கொடுத்துவிட்டேன். முதல் வாசிப்பு இந்த மாதக் கடைசி ஞாயிறு மாலை 4 மணிக்கு, வாசகசாலையில். பெண்களும் வர வேண்டும். டீ உண்டு.