அந்த ஆல்பமே ஒரு தொகுப்புதான்

இசைத்தட்டு சேகரிப்பவர்களிடம் ‘பெஸ்ட் ஆஃப்’ தொகுப்புகளுக்கு மரியாதை குறைவு. கலைஞர் வரிசைப்படுத்திய ஆல்பத்தை விட்டுவிட்டுக் கம்பெனி பொறுக்கிக் கொடுத்ததைக் கேட்பது சோம்பேறித்தனம் என்பார்கள். ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஆல்பர்ட் கிங் விஷயத்தில் இந்த வாதம் எடுபடாது. ப்ளூஸ் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் அவருடைய ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ 1967இல் வந்தது. ஏற்கெனவே சிங்கிள்களாகக் கடைக்கு வந்திருந்த பாடல்களோடு வேறு சிலவற்றையும் சேர்த்துக் கோத்த தொகுப்பு அது.

1923இல் மிசிசிப்பியில் ஆல்பர்ட் நெல்சனாகப் பிறந்தவர். புல்டோசர் ஓட்டிப் பிழைத்தவர். பி.பி. கிங் புகழடைந்த பிறகு இவரும் ‘கிங்’ ஆனார். அவர் கிட்டாருக்கு ‘லூசில்’ என்று பெயர் என்றால் இவருடையது ‘லூசி’. பி.பி.க்குத் தான் மாற்றாந்தாய்ச் சகோதரன் என்றுகூடச் சொல்லிக்கொண்டார். பி.பி. அதை ஒப்புக்கொள்ளவில்லை! 1961இல் ஒரு பாட்டு ஓரளவு ஓடியது. பெரிய வாசல் திறந்தது 1966இல், மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில். அப்போது வயது 43.

ஸ்டாக்ஸ் சோல் இசையின் கோட்டை. மெக்லமோர் அவென்யூவில் ஒரு பழைய சினிமா தியேட்டரை ஸ்டுடியோவாக்கியிருந்தார்கள்; தியேட்டரின் சரிவான தரையைக்கூடச் சமப்படுத்தவில்லை. ஓடிஸ் ரெட்டிங்குக்கு வாசித்த புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் குழுவே ஆல்பர்ட்டுக்கும் வாசித்தது. கீபோர்டில் புக்கர் டி. ஜோன்ஸ், டிரம்ஸில் அல் ஜாக்சன், கிட்டாரில் ஸ்டீவ் க்ராப்பர், பேஸில் டக் டன். இரண்டு கறுப்பர், இரண்டு வெள்ளையர். நிறவெறி ஊறிய அன்றைய மெம்ஃபிஸில் அது சாதாரணக் காட்சி அல்ல.

சோல் கலந்ததால் ப்ளூஸ் நீர்த்துப்போனது என்று தூய்மைவாதிகள் இன்றும் முணுமுணுப்பதுண்டு. காது கொடுத்துக் கேட்டால் நடந்தது நேர்மாறு. அல் ஜாக்சனின் தாளம் ஒரு அடிகூட வீணாக்காது. டிரம்பெட்டும் சாக்ஸபோனும் வெட்டி வெட்டி வந்து போகும். அப்படிப்பட்ட கட்டுக்கோப்பில் கிட்டார் ஓயாமல் வாசித்துக்கொண்டிருக்க முடியாது. ஆல்பர்ட்டும் வாசிக்கவில்லை. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார், நாலே சுரங்களில் கிட்டார் பதில் சொல்லும்.

அந்த நாலு சுரங்களும் வேறு யாராலும் முடியாதவை. இடக்கைக்காரரான அவர், வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தந்திகளை மாற்றாமல் அப்படியே தலைகீழாகப் பிடித்து, மீட்டும் வில்லை (பிக்) இல்லாமல் கட்டைவிரலால் மீட்டினார். மெல்லிய தந்திகள் மேலே வந்துவிடுவதால் மற்றவர்கள் மேலே தள்ளுவதை இவர் கீழே இழுத்தார். வீணையில் தந்தியை இழுத்து எழும் கமகத்தில் பழகிய காதுக்கு இதன் ருசி உடனே பிடிபடும். ‘பார்ன் அண்டர் எ பேட் சைன்’ வந்த மறு ஆண்டே க்ரீம் என்ற ராக் குழு அதன் தலைப்புப் பாடலைப் பாடியது. அதை எழுதியவர்கள் சோல் பாடகர் வில்லியம் பெல்லும் புக்கர் டி.யும்தான் என்பதைத் தூய்மைவாதிகள் கவனிக்க வேண்டும்.

பிறகு வந்தது வியாபாரச் சிக்கல். 1968இல் ஸ்டாக்ஸும் அதன் விநியோக நிறுவனமான அட்லாண்டிக்கும் பிரிந்தபோது, அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த பதிவுகளின் உரிமை அட்லாண்டிக்கிடமே தங்கிவிட்டது. அவற்றை வைத்து 1969இல் ‘கிங் ஆஃப் தி ப்ளூஸ் கிட்டார்’ என்ற தொகுப்பை அது வெளியிட்டது. பார்-கேஸ் குழுவோடு 1972இல் வந்த ‘ஐல் ப்ளே தி ப்ளூஸ் ஃபார் யூ’ இன்னொரு வீட்டுச் சொத்து. ஒரே மனிதரின் வாழ்க்கை இரண்டு பீரோக்களில் பூட்டிக் கிடந்தது. ஆல்பர்ட் 1992 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு ரைனோ நிறுவனம் ‘தி அல்டிமேட் கலெக்‌ஷன்’ என்ற இரட்டை சிடியைக் கொண்டுவந்தது. தொகுப்பு என்பது இப்படித்தான் இருக்க வேண்டும்: காலம் தாண்டி, கம்பெனி தாண்டி.

இன்றைய ஸ்ட்ரீமிங் பட்டியல்களில் எந்த ஆண்டு, யார் டிரம்ஸ் என்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதிகம் கேட்கப்பட்டது முதலில் வருகிறது, அவ்வளவுதான் வரிசை. புதிதாகத் தொகுக்க முன்வருபவர்கள் வாசித்தவர்களின் பெயர்களை முழுதாகப் போடட்டும். கூடவே, எல்விஸ் பிரெஸ்லியின் பாடல்களை மட்டும் வைத்து ஆல்பர்ட் ஸ்டாக்ஸுக்குச் செய்த அந்த விசித்திர ஆல்பத்திலிருந்தும் ஒன்றைச் சேர்க்கட்டும். கறுப்பர்களின் ப்ளூஸிலிருந்து எல்விஸ் எடுத்துப்போனதை ஒரு ப்ளூஸ்காரர் திரும்ப வாங்கிக்கொள்ளும் காரியம் அது. சுமாராகவே வந்திருந்தாலும் கேட்கலாம்.