தனிமரமான தளபதி

விடியுமுன் போடிக்கு வந்து பாருங்கள்! ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டுச் சாலையிலே வரிசையாக ஏறும். தூக்குவாளியோடு மலையேறும் அந்தத் தோழர்களுக்கு நாம் ஒரு கதை சொல்ல விரும்புகிறோம். பழைய கதை, ஆனால் பக்கத்துக் கதை.

பெரியகுளத்திலே ஒரு மாவீரரின் கால் அடங்கியிருக்கிறது என்பது வழிவழிச் செய்தி. கால் மட்டும்! தலை திருச்சிக்குப் போயிற்றாம். உடல் மதுரைச் சம்மட்டிபுரத்திலே.

யார் அவர்? மருதநாயகம் என்று நாடு வழங்கும் கான்சாகிபு யூசுப்கான்! இராமநாதபுரச் சீமைப் பனையூரிலே பிறந்தவர். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, கம்பெனிச் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டன்டாக உயர்ந்தவர். 1759-இலே மதுரை, நெல்லைச் சீமைகளின் ஆட்சி அவர் கைக்கு வந்தது. வாள் பிடித்த கைக்கு ஆளவும் தெரிந்திருந்தது. கொள்ளை அடங்கியது, குளங்கள் செப்பமாயின, பறிபோன மீனாட்சி கோயில் நிலங்கள் மீண்டன. பிறப்பால் இசுலாமியரல்லர் என்பர், இசுலாத்தைத் தழுவியவர், கோயிலையும் காத்தவர்!

பிறகு? வளர்ந்தவனைக் கண்டு நவாபு முகமது அலி நடுங்கினான். ஏழு இலட்சம் குத்தகை தரவும் இவர் தயாராக இருந்தார், பயனில்லை. கம்பெனியார் நவாபு பக்கம் சாய்ந்தனர். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி. கடந்த பிறகு நீ யாரோ, நான் யாரோ! 1763-இலே கான்சாகிபு எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் மடங்கவில்லை. பீரங்கி சாதிக்காததைத் துரோகம் சாதித்தது. தம் ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15-இலே தூக்கிலே தொங்கினார்.

ஏன் அவருக்குத் துணை இல்லை? மறைக்க மாட்டோம், தோழர்களே! நெற்கட்டுஞ்செவல் புலித்தேவரை 1761-இலே முறியடித்தவர் இதே கான்சாகிபுதான். கம்பெனிக்காகப் பாளையங்களை ஒவ்வொன்றாக உடைத்தார். தாம் எதிர்க்க எழுந்தபோது, தோள் கொடுக்கத் தோள்கள் இல்லை. உடைத்தது அவர் கையேதான்!

அமெரிக்காவிலே வேட் ஹாம்ப்டன் என்றொருவர். நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்த பண்ணையார். அடிமை முறையைக் காக்கக் குதிரைப்படை நடத்தித் தோற்றார். தோற்றவர் தூக்குமேடை ஏறவில்லை. தென் கரோலினாவின் கவர்னரானார், பிறகு செனட்டரானார், சிலையுமானார். எசமானர்களின் தளபதிக்குச் சிலை. எசமானர்களை எதிர்த்த தளபதிக்குத் துண்டு துண்டாகப் புதைகுழி! ஆனாலும் கான்சாகிபு சண்டை என்று மக்கள் கதைப்பாடல் கட்டினார்கள். கல் கொடுக்காத இடத்தை நாக்கு கொடுத்தது.

மலைத் தோட்டத்திலும் இதைக் காணலாம். முதலாளிக்காகத் தன் கூட்டத்தையே விரட்டும் கங்காணி, நாளைக்குத் தன் சீட்டுக் கிழிகிறபோது யாரை அழைப்பான்? பக்கத்தில் நிற்பவன் தோளை இன்றே பற்றுங்கள். கோட்டை வாசலிலே பகைவன் நிற்கும்போது தேடினால் கிடைக்காது. பெரியகுளத்துக் கால் நமக்குக் காட்டும் வழி அதுதான்!