கத்திக்கு இட ஒதுக்கீடு இல்லை

மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவர்கள் படும் பாட்டைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். 2024 ஆகஸ்ட் 9 அன்று கல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில், 36 மணி நேரத் தொடர் வேலையின் நடுவே கருத்தரங்க அறையில் சற்றுக் கண்ணயர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் வல்லுறவு செய்து கொல்லப்பட்டார். நாடு முழுக்க டாக்டர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் போராட்டம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பி.ஜி. மாணவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் முற்போக்கு டாக்டர்கள், தொழிற்சங்கத் தோழர்கள், சமூக நீதி பேசும் நண்பர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள். "வேலைச் சுமைதாங்க பிரச்சினை. அது எல்லாருக்கும் பொது. ஆஸ்பத்திரிக்குள்ள ஏதுங்க சாதி?"

இந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் வேலையைப் பற்றியே பேசுவோம். எம்.பி.பி.எஸ். முடித்து, நீட் பி.ஜி. எழுதி, எம்.டி.யோ எம்.எஸ்.ஸோ சேருகிறவர் மூன்று வருடம் ஆஸ்பத்திரியிலேயே கிடக்க வேண்டும். கேஷுவாலிட்டிக்கு முதலில் ஓடி வருகிறவர், நடுராத்திரியில் வார்டில் இரத்தம் எடுக்கிறவர், ஸ்கேனுக்கு எழுதிவிட்டுத் தானே ஸ்ட்ரெச்சரையும் தள்ளுகிறவர், விடிந்ததும் ரவுண்ட்ஸில் சீஃபிடம் திட்டு வாங்குகிறவர் எல்லாம் இவர்தான். பெயர் மாணவர். ஆனால் அரசு ஆஸ்பத்திரி ஓடுவதே இவர் முதுகில்தான். அட்மிஷன் டே வந்தால் இன்று காலையில் உள்ளே போனவர் நாளைச் சாயந்திரம்தான் வெளியே வருவார்.

சட்டம் என்ன சொல்கிறது? 1992இல் மத்திய அரசு கொண்டுவந்த ரெசிடென்சி திட்டம், சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு என்றது. முப்பது வருடம் கழித்து 2023 கடைசியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளில் 'நியாயமான வேலை நேரம்' என்று மட்டும் இருக்கிறது. எத்தனை மணி நேரம் நியாயம் என்பதற்கு எண்ணே இல்லை. 2024இல் அதே ஆணையத்தின் பணிக்குழு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 48 என்று எழுதிவைத்ததை ஒரு நாளும் நடத்திக் காட்டாமல் 74க்கு வந்து நிற்கிறார்கள். இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்.

இந்த முறை எங்கே பிறந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ரெசிடென்ட் என்றால் அங்கேயே குடியிருப்பவர் என்று அர்த்தம். 1889இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் இதற்கு உருக் கொடுத்தார். கூம்புக் கோபுரம் மாதிரி. கீழே பலர் நுழைவார்கள், படிக்குப் படி கழிக்கப்படுவார்கள், உச்சிக்கு ஒருவர் போய்ச் சேருவார். மேல்படியில் இருப்பவர் சொன்னதைக் கீழ்படியில் இருப்பவர் வாய் பேசாமல் செய்ய வேண்டும். ஹால்ஸ்டெட்டே முதலில் கொகேய்னுக்கும் பிறகு மார்பினுக்கும் அடிமைப்பட்டுக் கிடந்தவர். சரி, படியும் கோபுரமும் நமக்கு என்ன புதுசா? படிநிலைச் சமத்துவமின்மை என்று பாபாசாகேப் சொன்னாரே, அப்படி ஏற்கெனவே அடுக்கிவைத்த சமூகத்தின் மேல் வெள்ளைக்காரன் படிக்கட்டை இறக்குமதி செய்து வைத்தார்கள். கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. 1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற 18 வயதுப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்துபோனாள். அவளைப் பார்த்தவர்கள் தூக்கமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த பயிற்சி மருத்துவர்கள். அவள் தகப்பனார் வழக்கறிஞர், பத்திரிகையாளர். விடாமல் எழுதினார், விடாமல் வழக்காடினார். 1989இல் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. 2003இல் அது நாடு முழுக்க வந்தது. செத்தது யார் பிள்ளை, பெற்றவர் கையில் பேனா இருந்ததா என்பதைப் பொறுத்துத்தான் எந்த நாட்டிலும் சட்டம் அசைகிறது. இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேலைச் சுமை எல்லோருக்கும் பொது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வேலைக்குப் பதிலாகக் கிடைக்க வேண்டிய படிப்பு பொது இல்லை. அறுவை சிகிச்சையைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. ஆசாரி வீட்டுப் பையன் உளி பிடிக்கக் கற்கிற மாதிரி, மேலே இருப்பவர் பக்கத்தில் நின்று, "இந்தா, இப்ப நீ போடு" என்று கத்தியைக் கையில் கொடுத்தால்தான் உண்டு. கொடுக்காவிட்டால் மூன்று வருடமும் வேடிக்கை பார்த்துவிட்டுப் பட்டத்தோடு வெளியே வர வேண்டியதுதான். இட ஒதுக்கீடு கல்லூரிக் கதவைத் திறந்துவிடும். தியேட்டருக்குள்ளே கத்தி யார் கைக்குப் போக வேண்டும் என்பதற்கு எந்த அரசாணையும் கிடையாது.

என் சின்னம்மா மகன் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பட்டமேற்படிப்பு முடித்தவன். அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அக்கா, கவுன்சிலிங் லிஸ்ட்டுல பேருக்கு நேரே எஸ்.சி.ன்னு இருக்குல்ல, நாங்க போய்ச் சேர்றதுக்கு முந்தியே அது போய்ச் சேர்ந்துரும். யாரும் சாதிப் பேரச் சொல்லித் திட்ட மாட்டாங்க. 'தம்பி எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?' அவ்வளவுதான். அப்புறம் தியேட்டர்ல ரிட்ராக்டரப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது நானு. வயித்த விரிச்சுப் பிடிச்சே கை மரத்துப்போகும். ஹெர்னியா, அப்பென்டிக்ஸ் எல்லாம் என்கூடச் சேர்ந்தவனுக்குக் குடுப்பாங்க. தோலத் தைக்கிறதாச்சும் குடுங்க சார்ன்னு கேட்டா, 'நீ போயி ஓ.பி.யப் பாரு, கூட்டமா இருக்கு'ம்பாங்க. டீ வாங்கப் போறது யாரு, பிளட் பேங்குக்கு ஓடுறது யாரு, எல்லாம் சொல்லாமலே தெரியும். லாக் புக்குல மூணு வருஷமும் உதவினான், உதவினான்னே இருக்கு. தனியாச் செஞ்சதுன்னு எழுத எனக்கு ஒண்ணும் இல்ல."

ஒருத்தன் புலம்பல் என்று தள்ளுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2018 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து அகமதாபாத்துக்குப் படிக்கப் போயிருந்த தலித் அறுவை சிகிச்சை மாணவர் ஒருவர் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். அவர் சொன்ன புகார் என்ன? ஆபரேஷன் செய்ய விடவில்லை, மற்றவர்களுக்கு டீ கொடுக்கச் சொன்னார்கள். 2019 மே 22 அன்று மும்பை நாயர் மருத்துவமனை விடுதியில் பாயல் தாட்வி உயிரை மாய்த்துக்கொண்டார். தாட்வி பீல் பழங்குடியிலிருந்து வந்து மகப்பேறு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். சீனியர் பெண் மருத்துவர்கள் மூன்று பேர் கைதானார்கள். சாதியைச் சொல்லி இழிவு செய்தார்கள், பிரசவம் பார்க்கவும் ஆபரேஷன் செய்யவும் விடாமல் ஒதுக்கினார்கள் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. அகமதாபாத் எங்கே, மும்பை எங்கே, எங்கள் தென்மாவட்டம் எங்கே? புகார் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது?

வாரங்கல் காகதிய மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் முதலாண்டு படித்த ப்ரீத்தி லம்பாடிப் பழங்குடிப் பெண். 2023 பிப்ரவரி 26 அன்று ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய சீனியர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் ராகிங் தடுப்புச் சட்டத்தின் கீழும் கைதானார். வேலைச் சுமை எல்லோருக்கும் பொது என்கிறவர்கள் இந்தச் சாவுகளை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பாயலின் தாய் ஆபிதா தாட்வி, ரோகித் வெமுலாவின் தாய் ராதிகாவோடு சேர்ந்து, கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கக் கோரி 2019இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். பிள்ளையைப் பறிகொடுத்த இரண்டு தாய்கள். நியூயார்க் தகப்பனாருக்குப் பத்திரிகை இருந்தது. இவர்களுக்கு என்ன இருந்தது?

படித்தவர்களிடம் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்கள் எய்ம்ஸ் கதையைக் கேட்க வேண்டும். 2006இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 சதவீதம் என்றதும் தில்லி எய்ம்ஸ் வளாகம் இட ஒதுக்கீட்டு எதிர்ப்பின் கூடாரமானது. அங்கே தலித், பழங்குடி மாணவர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று விசாரிக்க சுகதேவ் தோரட் தலைமையில் குழு போட்டார்கள். 2007இல் அறிக்கை வந்தது. தொல்லை தாங்காமல் விடுதியில் குறிப்பிட்ட மாடிகளுக்குள் ஒதுங்கிய பிள்ளைகள், செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் ஓரவஞ்சனை, சாப்பிடுகிற இடத்திலும் விளையாடுகிற இடத்திலும் ஒதுக்கல். நாட்டின் ஆகப்பெரிய மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே ஒரு சேரி. எய்ம்ஸ் நிர்வாகம் அறிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை.

கத்தியை எங்களுக்குத் தெரியாதா என்ன? ஏதாவது ஓர் அரசு ஆஸ்பத்திரியின் பிணவறைக்குப் போய்ப் பாருங்கள். மண்டையோட்டைத் திறப்பதும், நெஞ்செலும்பை வெட்டுவதும், திரும்பத் தைத்துக் கட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் யார்? துப்புரவு வேலைக்கென்று சேர்ந்த எங்கள் ஆட்கள். டாக்டர் தள்ளி நின்று குறிப்பெழுதிக் கையெழுத்துப் போடுவார். அழுகிய பிணத்தை அறுக்க எங்கள் கை வேண்டும். அங்கே தகுதி, திறமை, பரீட்சை ஒன்றும் கிடையாது. அந்தக் கையின் பேரன் உயிரோடிருக்கிறவர் வயிற்றில் கத்தி வைக்க வந்தால்தான் எல்லோருக்கும் தகுதி ஞாபகம் வருகிறது.

பேறுகாலமும் அப்படித்தான். தலைமுறை தலைமுறையாக ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் அம்பட்டர் வீட்டு மருத்துவச்சிகளும் எங்கள் பெண்களும். 'மருத்துவர்' என்பதே ஒரு சாதிக்குப் பெயராக இருக்கிற மண் இது. என் அப்பத்தா எங்கள் ஊரில் தொப்புள்கொடி அறுத்த பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. கொல்லைப்புற வழியாக வந்து கொல்லைப்புற வழியாகவே போவாள். கூலி, முறத்தில் தூரப் போட்ட நெல். தீட்டு வேலையாக இருந்தவரை அது எங்களுடையது. சம்பளமும் மரியாதையும் பெயருக்குப் பின்னால் எழுத்துகளும் வந்ததும், அதே வேலையைப் படிக்கப் போன எங்கள் பெண்ணைப் பிரசவ அறைக்கு வெளியே நிற்கச் சொல்கிறார்கள்.

தகுதியைப் பற்றி இன்னொன்றும் கேட்க வேண்டும். 2023இல் பட்டமேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது நீட் பி.ஜி. தகுதி வரம்பைப் பூச்சியம் பெர்சன்டைலுக்கு இறக்கினார்கள். பரீட்சை எழுதினாலே போதும். தனியார் கல்லூரியில் பெட்டி நிறையப் பணம் கட்டுகிறவன் அந்த வழியாக உள்ளே வந்தபோது எந்த ஸ்டெதஸ்கோப்பும் தெருவுக்கு வரவில்லை. இதயம், மூளை, சிறுநீரகம் என்று அதற்கு மேலே போகிற டி.எம்., எம்.சிஎச். படிப்புகளில் சாதிவாரி இட ஒதுக்கீடே கிடையாது. கோபுரத்தின் உச்சிக்கு வழியையே அடைத்துவிட்டார்கள்.

சரி, புகார் கொடுக்க வேண்டியதுதானே என்பார்கள். யாரிடம் கொடுப்பது? ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். லாக் புக்கில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். செய்முறைத் தேர்வில் உள் தேர்வாளராக உட்காருகிறவர் அவர், அல்லது அவருடைய கூட்டாளி. வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் அவருக்குத் தெரிந்தவர். படிப்பை விட்டுவிட்டு ஓடலாம் என்றால், பல இடங்களில் அசல் சான்றிதழ் கல்லூரியின் பீரோவில், இலட்சக்கணக்கில் பாண்டு வேறு. பண்ணையாள் முறைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

நம் சமூக நீதி நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 69 சதவீதம் வாங்கிக் கொடுத்தோம், அதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டீர்கள். 2017இல் அனிதாவை வெளியே நிறுத்திக் கொன்றார்கள் என்று ஊரே அழுதோம். அழ வேண்டியதுதான். ஆனால் உள்ளே போன பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று எந்த மேடையில் கேட்டீர்கள்? அவர்களைக் கத்தி பிடிக்க விடாமல் அனுப்பிவிட்டு, நாளைக்கு மாவட்ட ஆஸ்பத்திரியில் கை நடுங்கினால், "கோட்டா டாக்டர், அப்படித்தான்" என்பார்கள். திறமையில்லாதவனை உற்பத்தி செய்கிறவர்களே திறமையில்லை என்றும் தீர்ப்பெழுதுவார்கள். எங்கள் தெரு ஜனங்கள் போவதும் அதே மாவட்ட ஆஸ்பத்திரிக்குத்தான். கத்தியை மறுக்கிறபோது அந்த மாணவனுக்கு மட்டுமல்ல, அவனை நம்பிப் படுக்கிற உடம்புக்கும் சேர்த்தே மறுக்கிறார்கள்.

ஏகலைவன் கதையை மறுபடியும் சொல்லப் போவதில்லை. அவனிடம் கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார்கள். இப்போது விரல் பத்தும் நம்மிடமே இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டு, கத்தியை மட்டும் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை சுலபமானது. லாக் புக்கைத் திறந்து காட்டுங்கள். பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது என்று அதில் வகை பிரித்துத்தானே எழுதச் சொல்கிறீர்கள்? ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு வருடமும், எந்தப் பிரிவு மாணவர் எத்தனை ஆபரேஷன் தன் கையால் செய்தார் என்ற கணக்கை வெளியிட வேண்டும். சாதி இல்லை என்றால் கணக்கு சமமாகத்தானே இருக்கும்? காட்ட என்ன பயம்? புகாரைக் கல்லூரிக்கு வெளியே உள்ள, தலித் பழங்குடி உறுப்பினர் பாதிப் பேராவது இருக்கிற அமைப்பு விசாரிக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் ஆய்வேட்டுக்கும் தேர்வுக்கும் வேறு கல்லூரி ஆசிரியர் பொறுப்பேற்க வேண்டும். 1992இல் எழுதிய 48 மணி நேரத்தை நடைமுறைப்படுத்துங்கள். அது உண்மையிலேயே எல்லோருக்கும் பொது.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் கையெழுத்துப் போடும் லாக் புக் ஒன்று இருக்கட்டும். நீங்களே ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தத் தேதி, என்ன கேஸ், யார் செய்தார், உங்களை எங்கே நிறுத்தினார், என்ன சொன்னார் எல்லாவற்றையும் எழுதுங்கள். செத்த பிறகு கிடைக்கிற கடிதமாக அது இருக்க வேண்டாம். உயிரோடிருக்கும்போதே அனுப்புங்கள். பெயர் இல்லாமல் வேண்டுமானாலும் போடுவோம். அச்சிட நாங்கள் இருக்கிறோம்.