கூடம் யாருடையது?

ஒரு மொழிக்குப் பள்ளி இருக்கலாம், பாடநூல் இருக்கலாம், அதனைக் காக்கும் சட்டமுங்கூட இருக்கலாம். ஆயினும், பொழுது சாய்ந்தபின் இளைஞர் ஒன்றுகூடி அம் மொழியிற் பாடிக் களிப்பதற்கு ஓர் இடம் இல்லையெனின், அது பள்ளி மணி அடிக்கும் வரைக்குமே வாழும் மொழியாகிவிடும். முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற பட்டறிவால் இதனைச் சொல்கின்றோம். செய்யுளைப் பிழையின்றி ஒப்புவித்த மாணவன், மணியோசை அடங்குமுன்னரே கலவைமொழிக்குத் தாவிவிடுவதை நாள்தோறும் காண்கின்றோமல்லமோ?

இதே கவலை மேற்றிசையில் ஒரு சிறு நாட்டிற்கும் உண்டு. ஆங்கிலேயர் அதனை 'வேல்சு' என்பர். அச் சொல்லுக்கு 'அயலார்' என்பதே பழம்பொருள்! தம் மண்ணிலேயே அயலாரெனப் பெயரிடப்பெற்ற அம் மக்கள் தம்மைக் 'கும்ரி' என்றே அழைத்துக்கொள்வர். 'ஒருநாட்டார்' என்பது அதன் பொருள். யாமும் இங்கு அப் பெயரையே ஆள்வோம். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் கும்ரிமொழி பேசுவோர் ஏறத்தாழ 5,62,000 பேர். 2021-இல் 5,38,000 பேர். நூற்றுக்குப் பதினெண்மர் என்னும் அளவும் இல்லை. எல்லாப் பள்ளிகளிலும் அம்மொழி பயிற்றப்பட்டு வருங்காலத்திலேயே நேர்ந்த தேய்வு இது.

அந் நாட்டின் தென்பகுதியில், தாபு ஆற்றங்கரையில் உள்ளது பொந்தப்பிரீது என்னும் ஊர். கும்ரியரின் நாட்டுப்பண் 1856-இல் அங்குத்தான் பிறந்தது. நெசவுத்தொழில் செய்த தந்தை பாட்டெழுதினார்; மகன் இசை அமைத்தான். அவ் ஆற்றின்மேல் வில்லியம் எட்வர்ட்சு என்பார் கட்டிய ஒற்றை வளைவுக் கற்பாலம், முன்னைய முயற்சிகள் அழிந்தொழிந்தபின் 1756-இல் நிலைகொண்டது, இன்றும் நிற்கின்றது. பாலத்தின் பெயரைத் தாங்கி 1983-இல் அங்குத் தோன்றியதே 'கிளூபு அ பொந்து', அதாவது பாலத்து மன்றம். கும்ரிமொழியிற் பேசவும் பாடவும் ஊரார் தமக்கென அமைத்துக்கொண்ட எளிய கூடம் அது.

2020 பிப்பிரவரியில் தென்னிசுப் புயலின்போது ஆறு பெருகி மன்றத்துள் புகுந்தது. உற்றார் கொடை திரட்டிச் சேற்றை வாரி மீண்டும் திறந்தனர். 2024 ஆகத்துத் திங்களில் கும்ரியரின் தேசியப் பாட்டுப் பெருவிழா அவ் ஊரிலேயே நடந்தது. (1950 முதல் அவ் விழா மேடையில் கும்ரிமொழி ஒன்றே ஆளவேண்டும் என்பது நெறி. நம் இசைவிழாக்களை நினைத்துப் பார்க்கின்றோம்; பெருமூச்சுத்தான் வருகின்றது.) விழா முடிந்து மூன்று திங்கள் கழிந்தது. நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை, பெர்ட்டுப் புயல். மறுபடியும் வெள்ளம், மறுபடியும் சேறு, மறுபடியும் கொடைக்கு வேண்டுகோள். ஒருமுறை இழந்தவர்க்குக் கொடுப்பது எளிது. நான்காண்டு கழித்து மறுபடியும் நீளும் கையில் இடுவது அரிது. அவர்கள் இட்டனர்.

தலைநகராகிய கார்டிபில், கோட்டைக்கு எதிரே உமன்பித் தெரு என்னும் ஒரு குறுந்தெருவில் நிற்பது 'கிளூபு ஈவோர் பாக்கு'. சிற்றீவோன் மன்றம் என்னலாம். அதுவும் 1983-இல் தோன்றியதே. 1158-இல், தன் நிலத்தைப் பறித்துக்கொண்ட ஆங்கில-நார்மானியப் பெருமகனை, இரவோடிரவாகக் கோட்டை மதிலேறி, மனைவி மகனொடு சிறைப்பிடித்துச் சென்று, நிலத்தை மீட்கும்வரை விடாதிருந்த குறுநிலத் தலைவனே அவ் ஈவோன். நம் செவிக்கு 'ஈவோர்' என, கொடுப்போர் என, அப் பெயர் ஒலிப்பது தற்செயலே. எனினும் பொருந்தி வருகின்றது.

தொடக்கத்தில் கும்ரிமொழி அறிந்தோரும் கற்போருமே அம் மன்றத்தில் உறுப்பினராகலாம் என்றிருந்தது. பின்னர் அந் நெறி தளர்ந்தது; இன்று ஆங்கிலப் பாட்டும் அங்குக் கேட்கின்றது. எமக்கு இது முழு உவப்பன்று. ஆயின், ஆங்கிலப் பாட்டு நடக்கும் இரவுகளின் வருவாயே கும்ரிப்பாட்டு இரவுகளின் விளக்கை எரியச் செய்கின்றது எனில், தொலைவிலிருந்து குறைசொல்லும் உரிமை நமக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கின்றது. 2017-இல் அத் தெருவைச் சுற்றிப் புதுக்குடியிருப்புகளும் விடுதியும் எழவிருந்தன. வந்து குடியேறுவோர் இரைச்சல் என்று முறையிட்டால், முன்னமே இருந்த இசைக்கூடம் மூடப்படும் நிலை. மக்கள் தெருவில் இறங்கினர். 2018 இறுதியில் கும்ரி அரசு தன் கட்டட நெறிமுறையைத் திருத்தியது. புதிதாக வருபவரே ஒலித்தடுப்பின் செலவை ஏற்கவேண்டும் என்றாயிற்று.

ஆனால் இரைச்சலைவிடப் பெரும்பகை குடிக்கூலி. பிரித்தானியத் தீவு முழுதும் நிலை இதுவே. சிற்றிசைக் கூடங்களுக்கென 2014-இல் அமைந்த அறக்கட்டளை ஒன்று, 2023-ஆம் ஓராண்டிலேயே 125 கூடங்கள் மூடின அல்லது இசையை நிறுத்தின என்று கணக்கிட்டது. பாத்து நகரில் 1978 முதல் நடந்துவந்த 'மோல்சு' என்னும் புகழ்பெற்ற கூடமும் அவ் ஆண்டு திசம்பரில் மாண்டது. நுழைவுச்சீட்டு விற்ற பணம் பாடுநர்க்கும் ஒலிக்கருவிக்கும் போதாது. குடிவகை விற்றே எஞ்சியதை ஈடுசெய்கின்றனர். குடியை யாம் ஒப்புவதில்லை. எனினும், கள்ளின்றிப் பாட்டை வாழவைக்க வேண்டுவோர் வேறு வருவாயைக் காட்டவேண்டும். அதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, இக் கூடங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பிறர்க்குரிய கட்டடத்தில் ஒண்டியிருப்பவை. நாளை உரியவன் விற்றுவிட்டால் பாட்டு நடுத்தெருவில்.

இதற்கு அவ் அறக்கட்டளை கண்ட வழி 2022-இல் வெளிவந்தது. கூட்டுறவு முறையிலான ஒரு பொதுநலக் குழுமத்தை அமைத்து, பொதுமக்களிடம் பங்கு விற்றனர். ஆயிரத்திருநூறு பேருக்கு மேற்பட்டோர் சேர்ந்து இருபது நூறாயிரம் பவுண்டுக்கு மேல் திரட்டினர். அப் பணத்திற் கட்டடத்தையே வாங்கி, முன்னமே நடத்தி வருவோர்க்குத் தாங்கத்தக்க கூலிக்கு விடுதல், இசைக்கூடமாகவே அது நிற்கவேண்டுமென ஒப்பந்தத்தில் எழுதுதல், இதுவே திட்டம். 2023 அத்தோபரில் முதற் கட்டடம் வாங்கப்பட்டது. இங்கிலாந்தின் வடபால், முன்பு சுரங்கமும் ஆலையும் இருந்த ஆதர்ட்டன் என்னும் ஊரில், ஏறத்தாழ நூறுபேர் நிற்கத்தக்க 'சினக்' என்னும் சிறுகூடம் அது. முதற்பட்டியலில் இடம்பெற்ற ஒன்பதில் இரண்டு கும்ரி நாட்டவை.

இங்குக் கொடைக்கும் பங்கிற்கும் உள்ள வேற்றுமையை அன்பர்கள் ஊன்றி நோக்கவேண்டும். கொடை கொடுத்தவன் கொடுத்ததோடு போகின்றான். அடுத்த வெள்ளத்திற்கு அவனையே மறுபடியும் தேடிப்போக வேண்டும். பங்கு கொண்டவனோ கணக்குக் கேட்பான். அவன் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஒப்போலை ஒன்றுதான். ஆகையால் பணக்காரன் ஒருவன் கூடத்தைக் கவர்ந்துகொள்ளவும் இயலாது. வெள்ளத்திற்குக் கொடையே மருந்து. குடிக்கூலிக்குப் பங்கே மருந்து. கும்ரியர் இதனைப் புதிதாகக் கற்கவில்லை. இலித்வைன் என்னும் சிற்றூரார், மூடிக்கிடந்த தம் ஊர்விடுதியை 1988-இலேயே பங்கு சேர்த்து ஏற்றனர். இரெக்சாம் நகரிலும் 2012-இல் கூட்டுறவாகத் தொடங்கிய 'ஏழு விண்மீன்' என்னும் கும்ரிமொழி மனை, 2015-இல் மூடும் நிலைக்கு வந்தபோது, அதனை விரும்பியோர் கைகொடுத்து மீட்டனர்.

எம் ஊர்ச் செய்தி ஒன்று. திருமணக்கூடம் ஒன்றின் மாடியில் திங்கள்தோறும் தமிழ்ப் பண்ணிசை ஒன்பதாண்டு நடந்தது. நாற்பது பேர், சில நாள் அறுபது பேர் வருவர். இடம் தந்த பெரியவர் காலமானார்; அவர் மக்கள் மாடியைச் சரக்குக் கிடங்கிற்கு விட்டனர். அவர்களைக் குறைசொல்ல யாமார்? அவர்கள் பொருள், அவர்கள் விருப்பம். அனைவரும் வருந்தினோம், இரங்கல் கூட்டம் போல ஒரு கூட்டமும் போட்டோம். ஆனால், ஒன்பதாண்டில் ஒருவரேனும், யான் உட்பட, 'இக் கூடம் யாருடையது? நமக்கென ஒரு கூரையைப் பங்கு போட்டு வாங்க எவ்வளவு ஆகும்?' என்று கேட்டதில்லை. ஆண்டு மலர் அச்சிடவும் பொன்னாடை வாங்கவும் மட்டும் பணம் இருந்தது.

ஆதலின் இத் திங்கள் அன்பர்களிடம் யாம் வேண்டுவது பணமன்று. தத்தம் ஊரில் தமிழிசையோ தெருக்கூத்தோ பாட்டரங்கோ நடக்கும் இடம் எது, அதன் ஆவணம் யார் பெயரில் உள்ளது, ஆண்டுக் குடிக்கூலி எவ்வளவு என்னும் மூன்றை மட்டும் கேட்டறிந்து ஓர் அஞ்சலட்டையில் எழுதியனுப்புக. வந்தவற்றைத் தொகுத்து அடுத்த இதழில் வெளியிடுவோம்.