வற்றலுக்கு வெயில் போதும்

வீட்டுத் தோட்டம் உடலுக்கும் உள்ளத்துக்கும் நலம் பயப்பது என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. மாடியில் சில தொட்டிகளும் கொல்லையில் இரண்டு பாத்திகளும் இருந்தால் போதும். கீரையும் கத்தரியும் கொத்தவரையும் மிளகாயும் வீட்டுத் தேவையில் ஒரு பகுதியையேனும் நிறைவு செய்துவிடும். நோயிலிருந்து மீண்டு வருவோருக்கு, நீர் ஊற்றுவதும் களை எடுப்பதும் மருத்துவர் அனுமதிக்கும் அளவில் நல்ல உடலுழைப்பாகவும் அமையும்.

ஆயினும், செடிக்கும் தட்டுக்கும் இடையே உள்ள ஒரு கட்டத்தைப் பற்றி நம் வீடுகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை. உண்டது போக மிஞ்சியதைப் பதப்படுத்தும் கட்டமே அது. தோட்டம் தந்த நன்மையின் பெரும்பகுதியை அக்கட்டத்தில் நாம் உப்பிட்டு இழந்துவிடுகிறோம் என்பது எங்கள் கருத்து.

உயர் இரத்த அழுத்தம், இதயத் தளர்ச்சி, சிறுநீரக நோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்று இல்லம் திரும்புவோரிடம், உப்பைக் குறைக்குமாறு பெரும்பாலும் அறிவுறுத்தப்படுகிறது. குடும்பத்தினரும் அதைப் பொறுப்புடன் ஏற்றுக்கொள்கின்றனர். கடை ஊறுகாயும் அப்பளமும் வீட்டிலிருந்து அகற்றப்படுகின்றன. ஆனால் சாடியில் உள்ள கொத்தவரங்காய் வற்றலும் மோர் மிளகாயும் அப்படியே இருக்கின்றன. "அது கடையில் வாங்கியதில்லை, நம் வீட்டுச் செடியில் காய்த்தது" என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. ஆனால் சோடியத்துக்கு வீட்டுச் சரக்கு, கடைச் சரக்கு என்ற வேறுபாடு கிடையாது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ கொத்தவரங்காயை 50 கிராம் உப்பிட்டு வேகவைத்து, நீரை வடிக்காமல் சுண்டவிட்டு உலர்த்துவதாகக் கொள்வோம். காயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். அது முழுதும் உலர்ந்தால் எஞ்சுவது சுமார் 200 கிராம். நீர் ஆவியாகிச் செல்லும். உப்போ எங்கும் செல்லாது. ஒரு கிலோவில் பரவியிருந்த 50 கிராம் உப்பு இப்போது கைப்பிடிகள் சிலவற்றுக்குள் செறிந்துவிடுகிறது. வயது வந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு கொள்ள வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அப்படியாயின், அந்தச் சாடியில் இருப்பது பத்துப் பேரின் ஒருநாள் உச்ச அளவு. சுண்டைக்காயையும் மிளகாயையும் உப்பு மோரில் இரவு ஊறவைத்துப் பகலில் காயவைத்து, மோர் வற்றும்வரை மீண்டும் மீண்டும் ஊறவைக்கும் முறையிலும் நிகழ்வது இதுவே. இட்ட உப்பு முழுவதும் உள்ளே சேர்கிறது. பின்னர் அதே வற்றலைக் குழம்பில் இடும்போது, குழம்புக்கென மறுபடியும் உப்புச் சேர்க்கிறோம்.

இதனால் வரும் தீங்கு சிறிதன்று. மிகையான சோடியம் உடலில் நீரைத் தேக்குகிறது. இதயம் தளர்ந்தவருக்கு அது கால்வீக்கமாகவும் மூச்சுத்திணறலாகவும் வெளிப்படும். இரண்டு மூன்று நாட்களில் உடல் எடை விரைந்து கூடுவது அதன் முன்னறிவிப்பு. மருந்தைத் தவறாமல் உட்கொண்டும் இரத்த அழுத்தம் குறையவில்லையே என வருந்தும் குடும்பத்தினர், தட்டின் ஓரத்தில் நாள்தோறும் வைக்கப்படும் வற்றலையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அவ்வாறெனில் வற்றலையே துறந்துவிடலாமா? அதை நாங்கள் ஏற்கவில்லை. விரும்பியதை எல்லாம் விலக்கும் உணவுமுறையை எவரும் நெடுநாள் பின்பற்ற இயலாது. மேலும், காய்த்துக் குலுங்கும் செடியின் பயனை வீணாக்குவது தோட்டம் வளர்ப்பவருக்குத் துயரமானது. விலக்க வேண்டியது உப்பையே, வற்றலை அன்று.

உப்பில்லாவிட்டால் வற்றல் கெட்டுவிடும் என்பது பலரின் அச்சம். உப்பு, காயின் நீரை ஈர்த்து நுண்ணுயிர்கள் வளராமல் தடுக்கிறது என்பது உண்மையே. ஆனால் நீர் முழுமையாக நீங்கிவிட்டால் அதுவே போதிய காப்பு. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இராமநாதபுரம் முண்டு மிளகாய் வெறும் வெயிலிலேயே வற்றலாகிறது. இஞ்சி சுக்காவதும் உப்பின்றியே. இரண்டும் ஈரம் படாமல் வைத்தால் பல மாதங்கள் கெடுவதில்லை.

எனவே, வெயிலை நம்பி விதைக்க வேண்டும். ஆடிப்பட்டத்து விளைச்சலின் பிற்பகுதி ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து சேரும். அதை அவ்வப்போது பறித்துப் புதிதாகவே உண்பது நன்று. தைப்பட்டத்தில் விதைத்த கொத்தவரையும் நாற்று நட்ட கத்தரியும் பங்குனி, சித்திரையில் காய்க்கும். வெயில் கடுமையாக இருக்கும் அம்மாதங்களே உப்பில்லா வற்றலுக்கு ஏற்றவை. காயை நார் ஏறும் முன் இளம் பருவத்திலேயே காலையில் பறித்துவிட வேண்டும். அடிக்கடி பறித்தால் செடியும் தொடர்ந்து காய்க்கும்.

பறித்த காயைக் கழுவி, ஒரே கனமுள்ளதாக நறுக்கி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் இட்டெடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்து வடிகட்ட வேண்டும். பின்னர்த் தூய துணியில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மெல்லிய துணியால் மூடிக் காயவைக்கலாம். பனி இறங்கும் முன் மாலையில் வீட்டுக்குள் எடுத்துவிடுதல் வேண்டும். நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து நாட்களில் உலர்ந்துவிடும். வளைத்தால் ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். நன்கு ஆறிய பின் ஈரமற்ற கண்ணாடிச் சாடியில் இட்டு, முதல் வாரம் நாள்தோறும் பார்த்துவருதல் நலம். சாடியின் உட்புறம் நீர் பூத்திருந்தால் மறுபடி வெயிலில் இட வேண்டும். பூஞ்சை தென்பட்டாலோ முழுவதையும் கொட்டிவிட வேண்டும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் நஞ்சு, வறுத்தாலும் பொரித்தாலும் முற்றிலும் அழிவதில்லை.

இம்முறையில் சுவை சிறிது மாறும் என்பதை மறைக்க விரும்பவில்லை. சுண்டையின் கசப்பு சற்று மிகும். மோர் மிளகாய்க்கு நிகரானது இதில் கிடைக்காது. ஆனால் வற்றலில் உப்பில்லாதபோது, சமைக்கையில் அளந்து இடும் உப்பே முழுக் கணக்காகிறது. சமமாக நிரப்பிய ஒரு தேக்கரண்டி உப்பு ஏறத்தாழ 5 முதல் 6 கிராம். அதைக் கண்ணால் காணலாம், குறைக்கலாம். சாடிக்குள் மறைந்திருக்கும் உப்பை எவராலும் அளக்க இயலாது. குறையும் சுவையைப் புளி, மிளகு, சீரகம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவை பெரிதும் ஈடுசெய்யும். முன்பே உப்பிட்டுக் காயவைத்த வற்றல் இருப்பின், வெந்நீரில் ஊறவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் உப்பின் ஒரு பகுதி நீங்கும். முழுவதும் நீங்கிவிடும் என எண்ணிவிடக் கூடாது.

சிறுநீரக நோயாளருக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. உப்பைப் போலவே காயின் பொட்டாசியமும் உலரும்போது செறிகிறது. ஆகவே உப்பில்லா வற்றலாயினும், எவ்வளவு உண்ணலாம் என்பதை மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டறிய வேண்டும். 'சோடியம் குறைந்த உப்பு' என விற்கப்படுபவற்றில் பொதுவாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். அதை மருத்துவர் சொல்லாமல் அவர்கள் பயன்படுத்தலாகாது. உப்பைக் குறைக்க வேண்டாம் என அறிவுறுத்தப்பட்ட சிலரும் உண்டு. அவர்கள் தம் மருத்துவர் சொற்படியே நடக்க வேண்டும்.

இறுதியாக, குடும்பத்தினரிடம் ஒன்றை வலியுறுத்துகிறோம். நோயாளருக்குத் தனிக் குழம்பு, ஏனையோருக்கு வேறு குழம்பு என்ற ஏற்பாடு பல வீடுகளில் நீடிப்பதில்லை. சில வாரங்களில் சமைப்பவர் களைப்படைவார். நோயாளரும் தாம் தனித்து வைக்கப்பட்டதாக உணர்வார். உலக மக்கள் சராசரியாக நாளொன்றுக்கு 10.8 கிராம் உப்பு கொள்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. பரிந்துரைத்த அளவைப் போல் இது இருமடங்குக்கும் மேல். ஆகவே உப்பைக் குறைப்பது நோயாளருக்கு மட்டும் உரிய கட்டுப்பாடு அன்று. வரும் பங்குனியில் மாடியில் துணி விரிக்கும்போது, வீட்டார் அனைவருக்குமாக உப்பில்லா வற்றலே இடுங்கள்.