பிரமாணப் பத்திரத்தில் இல்லாத கேள்வி

சட்டப்பேரவைத் தேர்தலில் போட்டியிடும் ஒருவரது சொத்து, கடன், கல்வித் தகுதி, குற்ற வழக்குகள் ஆகியவற்றை வாக்காளர் அறிய முடிகிறது. உச்சநீதிமன்றம் 2002, 2003-ஆம் ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகள் பெற்றுத் தந்த உரிமை அது. ஆனால், அவர் எந்தச் சட்டத்தை ஆதரிப்பார், எதை எதிர்ப்பார் என்பதைச் சொல்லுமாறு எந்தப் படிவமும் கேட்பதில்லை. சட்டம் இயற்றும் பணிக்குத்தான் அவரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

இந்த இடைவெளியின் விலையைச் செய்யாறு பகுதி நன்கறியும். மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்காக 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கையகப்படுத்தும் திட்டத்தை எதிர்த்து 2023-இல் விவசாயிகள் போராடினர். அவர்களில் ஏழு பேர் மீது அந்த ஆண்டு நவம்பரில் குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழுந்ததும், ஆறு பேர் மீதான உத்தரவைச் சில நாள்களிலேயே அரசு ரத்து செய்தது.

தொழில் தேவைக்கான நிலமெடுப்புக்கு வழிவகுக்கும் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும், 1982-ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டமும் தமிழக சட்டப்பேரவை இயற்றியவை. மத்திய அரசின 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வலியுறுத்தும் சமூகத் தாக்க மதிப்பீடு இல்லாமலேயே நிலம் எடுக்க 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. உயர்நீதிமன்றத் தீர்ப்பால் செயலிழந்த அதற்கு 2019-இல் மீண்டும் உயிர் கொடுத்ததும் பேரவையே.

செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கின்றனர். அந்த ஊதியத்தில் நடக்கும் குடும்பங்கள் ஏராளம். எனவே, தொழிற்பேட்டையே வேண்டாம் என்பது தீர்வாகாது. நிலம் தருபவரின் ஒப்புதலுக்கும் தொழிலாளியின் வேலை நேரத்துக்கும் என்ன பாதுகாப்பு என்பதே கேள்வி.

ஆரணி வட்டாரத்தின் பட்டு நெசவுக்கும் இது பொருந்தும். கைத்தறிக்கான ரக ஒதுக்கீடு 1985-ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தால் வருவது. கூட்டுறவுச் சங்கங்களும் மின்சாரச் சலுகையும் மாநில அரசின் கையில் உள்ளவை. கைத்தறி நெசவாளருக்கான இலவச மின்சாரம் 2023-இல் 200 யூனிட்டிலிருந்து 300 யூனிட்டாக உயர்ந்தது அப்படித்தான். இந்த வேறுபாட்டை அறியாமல் அளிக்கப்படும் வாக்குறுதி வெறும் மேடைப் பேச்சே.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கும்போது தனி உறுப்பினரின் கருத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி பறிபோகும் என்பது உண்மை. ஆனால், அது வாக்கைத்தான் கட்டுப்படுத்துகிறது. விவாதத்தில் கேள்வி எழுப்புவதை அல்ல. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நிறைவேறியபோது ஆளும் கூட்டணியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. அடுத்த பத்து நாள்களில், மே நாளன்று, அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அதே ஏப்ரல் 21-இல் நிறைவேறிய சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. கேள்வி கேட்க ஆளிருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னதும், இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பின்னதும் சான்று.

சாலை, குடிநீர் குறித்து வேட்பாளரிடம் கேட்பது நியாயமே. கூடவே, 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எதை மாற்றுவீர்கள் என்றும் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குபவர் பேரவையில் என்ன செய்வார் என்பதை அந்தத் தயக்கமே உணர்த்திவிடும்.