தோட்டாவின் இரண்டு பிறவிகள்

பழைய தோட்டா ஒன்றை இனங்காண முற்படுவோர், முதலில் அதன் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்ப்பதும், அங்கே பொறித்திருக்கும் எழுத்தையும் ஆண்டையும் கண்ட மாத்திரத்தில் மேற்கொண்டு விசாரணையின்றி ஏட்டில் எழுதி முடித்துவிடுவதும் நெடுநாள் வழக்கமாகிவிட்டன. இவ்வழக்கம் கைவிடத் தக்கது என்பதே என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து தாயகம் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், ஜெர்மானியரின் மௌசர் துப்பாக்கிகளையும் ஜப்பானியரின் அரிசாகா துப்பாக்கிகளையும் வெற்றியின் ஞாபகச் சின்னங்களாகக் கொண்டுவந்தார்கள். துப்பாக்கி கைவசம் இருந்தது; அதற்குரிய தோட்டா, அதிலும் ஜப்பானியத் தோட்டா, எளிதில் கிடைக்கவில்லை. அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாவின் சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளோ ஏராளமாக இருந்தன. ஆகவே, வேட்டைப் பிரியர்களும் கைத்திறன் மிக்கவர்களும், 63 மில்லிமீட்டர் நீளமுள்ள அக்கூட்டை எஃகு அச்சினுள் செலுத்தி, அதன் தோளை, அதாவது உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவை, கீழிறக்கி, மிஞ்சிய நுனியை அறுத்து நீக்கி, 57 மில்லிமீட்டர் மௌசர் கூடாகவோ ஏறக்குறைய 58 மில்லிமீட்டர் அரிசாகா கூடாகவோ உருமாற்றிக்கொண்டார்கள். மூன்றுக்கும் அடிவட்டத்தின் விட்டம் சுமார் 12 மில்லிமீட்டராகவே இருந்ததால் இது சாத்தியமாயிற்று. மௌசர் அமைப்பைத் தழுவிய 1903-ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்காக மௌசர் கம்பெனிக்கு அமெரிக்க சர்க்கார் காப்புரிமைப் பணம் கொடுக்க நேர்ந்ததை அறிந்தவர்க்கு இந்த ஒற்றுமை ஆச்சரியம் தராது.

அமெரிக்க ராணுவக் கூட்டின் அடியில் தொழிற்சாலையின் குறியும் ஆண்டும் இருக்கும். தோட்டாவின் பெயர் இராது. 'எஃப் ஏ 42' என்றால் ஃபிராங்க்ஃபோர்டு ஆர்சனல் தொழிற்சாலையில் 1942-இல் செய்த கூடு என்பது மட்டுமே பொருள். அக்கூடு மௌசராக மறுபிறவி எடுத்தது பத்து ஆண்டு கழித்தோ இருபது ஆண்டு கழித்தோ இருக்கலாம். அசல் ஜெர்மானியக் கூட்டிலோ தொழிற்சாலைக் குறி, உலோகக் குறி, தொகுதி எண், ஆண்டு ஆகிய நான்கும் வட்டமாகப் பொறித்திருக்கும். ஜப்பானியத் தரைப்படையின் கூடுகளில் பெரும்பாலும் எழுத்தே கிடையாது. எனவே அரிசாகா வடிவக் கூட்டில் அமெரிக்க முத்திரை தென்படுமாயின், அங்கேயே சந்தேகம் எழவேண்டும்.

சந்தேகத்தைத் தீர்ப்பது கழுத்து. மௌசர் அளவில் கழுத்தின் கீழ்ப்பகுதி அமைகிற இடத்தில்தான் பழைய கூட்டின் தோள் இருந்தது. தடித்த அந்த உலோகம் புதிய கழுத்தில் சேர்வதால், கழுத்தின் கனத்தை மைக்ரோமீட்டரால் அளந்தால் அசல் கூட்டைவிட மிகுந்திருக்கக் காணலாம். உள்ளே கடைந்து மெல்லியதாக்கியவர்களும் உண்டு. அத்தகைய கூட்டிலும் பழைய தோளின் மெல்லிய வளையத் தடம் சில வேளை எஞ்சி நிற்கும். பிரைமர் பொருந்தும் குழியைச் சுற்றி ராணுவத் தொழிற்சாலை அழுத்திய இறுக்கு வளையத்தைச் சுரண்டி நீக்கிய பளபளப்பும் நல்ல சாட்சியமே. கழுத்தில் படிந்த நீலமும் பழுப்புமான தீ நிறத்தை மட்டும் சாட்சியாகக் கொள்ளலாகாது. ராணுவம் அந்நிறத்தை மெருகிட்டு அழிக்காமல் விடுவது இயல்பு.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர்கள், தடித்த கழுத்து துப்பாக்கி அறையில் இறுகிக் குண்டை விடாமல் பற்றினால் அழுத்தம் அபாயகரமாக உயரும் என்பதையும், உள்ளிருக்கும் வெடிமருந்தின் அளவை அதை நிரப்பியவர் ஒருவரே அறிவார் என்பதையும் சிந்திக்கவேண்டும். மறுவடிவத் தோட்டாவைச் சுட்டுப் பார்ப்பது எவர்க்கும் தகாது. அந்தப் பித்தளையில் ஒரு தொழிற்சாலையின் யுத்தகால உழைப்பும், பெயர் தெரியாத ஒருவர் தம் பட்டறையில் பொறுமையோடு செய்த வேலையும் சேர்ந்திருக்கின்றன. முத்திரையை மட்டும் எழுதுகிற ஏடு இரண்டாமவரை அடியோடு மறந்துவிடுகிறது. ஆகையால், பொருட்காட்சி சாலைகளிலும் சேகரிப்புகளிலும் பட்டியல் எழுதுவோரை நான் வேண்டிக்கொள்வது இதுவே: முத்திரையை ஒரு பத்தியிலும், அளந்து கண்ட வடிவத்தை அடுத்த பத்தியிலும் எழுதுங்கள், இரண்டும் ஒவ்வாத இடத்தில் 'மறுவடிவம்' என்று தெளிவாகக் குறியுங்கள்.